சாணியைச் சேர்த்தோம், மூத்திரத்தை விட்டோம்

விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் பால் கறக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். கறவைக்கு முன்னால் கட்டுத்தரையைக் கழுவியாக வேண்டும். சாணியைக் கூடையில் வாரிக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு, மிச்சத்தை ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்துத் தள்ளுவார்கள். சிமெண்டுத் தரை இரண்டே நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும். மஞ்சளாக நுரைத்த தண்ணீர் ஓடிப்போய் ஒரு வாழையடியிலோ ரோட்டோரப் பள்ளத்திலோ நிற்கும். அந்த ஒரு வாழை மட்டும் கருகருவென்று இலை விட்டுத் தழைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோட்டம் முழுக்கப் போக வேண்டியது அந்த ஒரு மரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

எரு என்றாலே நமக்குச் சாணிதான் நினைவுக்கு வருகிறது. மாடு தின்ற தீவனத்திலிருந்து பாலுக்கும் உடம்புக்கும் போனது போக வெளியே வரும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், ஏறக்குறைய பாதி மூத்திரத்தில் இருக்கிறது. சாம்பல்சத்தில், அதாவது பொட்டாஷில், பெரும்பகுதியும் அதில்தான். சாணியோடு முழுசாக வந்து சேர்வது மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), மண்ணுக்கு வேண்டிய நார்ப்பொருளும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 400 கிலோ எடையுள்ள ஒரு கலப்பின மாடு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ வரை சாணி போடும். மூத்திரம் சுமார் 10 லிட்டர். நான்கு மாடு கட்டியிருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 14,600 லிட்டர் ஆகிறது. அதில் தழைச்சத்து நூற்றுக்கு ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டாலும் 120 கிலோவுக்குக் குறையாது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் தழைச்சத்து 20.7 கிலோ. ஆக, கிட்டத்தட்ட ஆறு மூட்டை யூரியா கழுவிய தண்ணீரோடு ஓடுகிறது.

ஆறு மூட்டைதானே, மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது, 1,600 ரூபாய்க்கு யார் தினமும் மெனக்கெடுவது என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மானியத்தில் யூரியா மலிவாகக் கிடைக்கும் ஊரில் கூலி ஆள் வைத்து மூத்திரம் பிடிப்பது கட்டாது. விவசாயிக்குத் தெரியாமல் இது நடக்கவில்லை. ஆனால் கணக்கு அங்கேயே முடிந்துவிடவில்லை. அதே மூத்திரத்தில் இருக்கும் சாம்பல்சத்தைக் கடையில் வாங்கப் போனால் பொட்டாஷ் மூட்டை யூரியா விலையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இருக்கும், அதுவும் முழுக்க வெளிநாட்டிலிருந்து வருவது. இன்னொன்று, என் பார்வையில் இதுதான் முக்கியம்: கொட்டகையில் மிஞ்சும் கூளமும் சோளத்தட்டும் சாணியும் சரியாக மக்க வேண்டுமானால் அதற்கே தழைச்சத்து வேண்டும். மூத்திரத்தை வெளியே விட்டுவிட்டால் குப்பை பட்டினி கிடக்கிறது. ஆறு மாதம் ஆனாலும் தட்டு தட்டாகவே இருக்கிறது என்று சொல்கிறவர்கள் வீட்டுக் கட்டுத்தரையைப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சிமெண்டுத் தரையும் ஓஸ் பைப்பும் இருக்கும்.

முன்பெல்லாம் கட்டுத்தரை மண்தரைதான். மாடு நின்ற இடத்து மண் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மேலே கூளம் விழும், சாணி விழும், மாடு மிதித்துக் கலக்கும். வருஷம் ஒருமுறை அந்த மண்ணை ஒரு முழம் ஆழத்துக்கு வெட்டி எடுத்துக் காட்டில், அதாவது பயிர் நிலத்தில், போட்டுவிட்டு, குளத்துக் கரம்பையோ செம்மண்ணோ கொண்டுவந்து நிரப்புவார்கள். வெட்டும்போது வருகிற அந்த நெடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். யாரும் அதைத் தொழில்நுட்பம் என்று சொல்லவில்லை. "கட்டுத்தரை மண்ணு போட்டா சோளம் சும்மா வரும்" என்பதோடு பேச்சு முடிந்தது.

இதே வேலையை 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சியாகச் செய்தவர் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். கூட இருந்தவர் வேதியியலாளர் யஷ்வந்த் வாட். இன்று உலகம் முழுக்க இந்தூர் முறை என்று அறியப்படும் மக்கு உரத்தில் சாணியும் செடிக்கழிவும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதில் மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு: மூத்திர மண். மாட்டுக் கொட்டகைத் தரையில் மண் பரப்பி, அது மூத்திரத்தைக் குடித்ததும் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, குப்பையில் அடுக்கு அடுக்காகத் தூவினார்கள். மாட்டுக்குப் படுக்கையாகப் போட்ட கூளத்தையும் சேர்த்தார்கள். அடுப்புச் சாம்பலும் கொஞ்சம். மூன்று முறை புரட்டி, மூன்று மாதத்தில் உரம். இந்த நாட்டுக் குடியானவர்களிடமும் சீனத்து விவசாயிகளின் பழக்கத்திலும் இருந்ததைத்தான் அவர் ஒழுங்குபடுத்தினார். பிறகு நாம் தரையைச் சிமெண்டாக்கினோம். மாட்டின் மடிக்கும் காலுக்கும் அது சுத்தம். பால் சுத்தமாக வரும், மடிநோய் குறையும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மண் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை யார் செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

மூத்திரத்தில் இருப்பது, மூட்டையில் வாங்குகிறோமே, அதே யூரியாதான். தனியாக மூடி வைத்தால் சில நாள் தாங்கும். சாணியோடு கலந்துவிட்டால், சாணியில் உள்ள நொதி அதைச் சில மணி நேரத்திலேயே அம்மோனியாவாக உடைக்க ஆரம்பித்துவிடும். காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்கைக் குத்துகிறதே, அந்த நெடி உரம் காற்றில் போகிற நெடி. அதைப் பிடித்து நிறுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, உறிஞ்சும் பொருள் எதையாவது தரையில் பரப்புவது. இன்னொன்று, சரிவாக ஓடவிட்டு மூடிய தொட்டியில் பிடித்து, தினமும் குப்பைமேல் ஊற்றுவது. பொள்ளாச்சிப் பக்கம் முதல் வழிக்கு அருமையான பொருள் கிடைக்கிறது: தென்னை நார்க்கழிவு. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் மாட்டின் பின்னங்கால் பக்கம் இரண்டு கூடை தூவிவிட்டு, காலையில் சாணியோடு சேர்த்து வாரிவிடலாம். கழுவும் தண்ணீரும் பாதியாகக் குறையும். கூளம், மரத்தூள், காய்ந்த இலைச்சருகு எதுவானாலும் இந்த வேலைக்கு ஆகும்.

சரி, வாரிய குப்பை எப்படி மக்குகிறது? நுண்ணுயிரிகளுக்குச் சோறும் வேண்டும், குழம்பும் வேண்டும். வைக்கோல், தட்டு, சருகு எல்லாம் சோறு, அதாவது கரிமம். சாணியும் மூத்திரமும் கோழி எருவும் குழம்பு, அதாவது தழைச்சத்து. 25 முதல் 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தால் வேலை ஜரூராக நடக்கும். சாணியில் இந்த விகிதம் 20-ஐ ஒட்டி இருக்கும். நெல் வைக்கோலில் 60-க்கு மேல். கோழி எருவில் 10-ஐ ஒட்டி. அதனால் வெறும் வைக்கோலைக் குவித்தால் அசையாமல் கிடக்கும். வெறும் கோழி எருவைக் குவித்தால் நாற்றம் ஊரைத் தூக்கும். உண்ண முடியாத தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். இரண்டையும் பிசைந்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

அடுத்தது ஈரம். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், கையை விரித்ததும் உதிர்ந்தால் குறைவு. அப்புறம் காற்று, குவியலின் அளவு. குறைந்தது மூன்றரை அடி உயரமும் அகலமும் இருந்தால்தான் உள்ளே சூடு தங்கும். நம் குப்பைமேடுகள் தோற்பது இந்த இடத்தில்தான். தினமும் ஒரு கூடையாகக் கொட்டிக்கொண்டே போகிறோம். மேலே கொட்டியது வெயிலில் காய்ந்து வறட்டியாகிறது. அடியில் இருப்பது காற்றில்லாமல் ஊறுகிறது. எந்த ஒரு நாளும் குவியல் முழுவதும் ஒரேயடியாகச் சூடாவதே இல்லை. சாணியையும் கூளத்தையும் ஒரு வாரம் நிழலில் சேர்த்து வைத்து, மொத்தமாக ஒரு குவியல் கட்டி, அடுத்த வாரம் பக்கத்தில் இன்னொன்று ஆரம்பிப்பது அதே வேலைதான், ஆனால் பலன் வேறு.

சரியாகக் கட்டிய குவியல் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ உள்ளே 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இதைப் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு கடப்பாரையை நட்டநடுவில் குத்திப் பத்து நிமிடம் விட்டு, உருவி, முனையைப் பிடித்துப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் நான் சொன்னதை நம்பாமல் பிடித்துவிட்டுக் கையை உதறினார். அதற்குப் பிறகு தினமும் காலையில் பால் ஊற்றிவிட்டு வரும்போது கடப்பாரையை உருவிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. கை வைக்க முடியாத சூடு என்றால் நன்றாக வேகிறது. வெதுவெதுப்பு என்றால் புரட்ட வேண்டும், காய்ந்திருந்தால் தண்ணீரோ கோமியமோ தெளிக்க வேண்டும். புரட்டினால் வெளியே இருந்தது உள்ளே போய் மறுபடி சூடேறும். 70 டிகிரிக்கு மேல் ஏறவிடக் கூடாது, வேலை செய்கிற நுண்ணுயிரிகளே செத்துப்போகும்.

இந்தச் சூடு எதற்கு என்றால், முதலில் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும். கழிவுநீர்க் கசடை உரமாக்க அமெரிக்காவில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: திறந்த குவியலில் 15 நாள் 55 டிகிரிக்குக் குறையக் கூடாது, அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். மாட்டு எருவுக்கு அவ்வளவு கறார் வேண்டாம் என்றாலும் கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரிகிறது. இரண்டாவது காரணம் நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது: களை விதை. கோடையில் புல் இல்லாதபோது ஆடும் மாடும் சீமைக்கருவேல் நெற்றைத் தின்று உயிரைப் பிடித்து நிற்கின்றன. அந்த விதை வயிற்றில் செரிப்பதில்லை. மேலோடு மட்டும் இளகி, முளைக்கத் தயாராகச் சாணியோடும் புழுக்கையோடும் வெளியே வருகிறது. அந்தச் சாணியைப் பச்சையாகக் காட்டுக்கு அடித்தால் நாமே கையால் கருவேல் விதைத்த மாதிரி. வெந்த குப்பையில் அது முளைக்காது.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு எருக்குழி இன்னொரு வகையில் தலைவலி. காண்டாமிருக வண்டு முட்டையிட விரும்பும் இடமே அசையாமல் கிடக்கும் குப்பைதான். குழியைத் தோண்டும்போது பெருவிரல் தடிமனில் வெள்ளைவெளேரென்று வளைந்து கிடக்குமே, அந்தப் புழு அங்கேயே வளர்ந்து வண்டாகி, ராத்திரியில் பறந்துபோய்த் தென்னங்குருத்தைக் குடைகிறது. பிறகு விரியும் மட்டை கத்தரியால் வெட்டிய விசிறி போல இருக்கும். முட்டை வண்டாக மாற நான்கைந்து மாதம் ஆகும். அதற்குள் இரண்டு மூன்று தடவை புரட்டினால் புழு மேலே வந்துவிடும், காக்கையும் கோழியும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். குழியை அசைக்க முடியாதவர்கள் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தை எருக்குழியில் கலந்துவிடுவது நல்ல பலன் தருகிறது. மருந்துக்கு மரம் ஏறுவதைவிடக் குழியில் பார்த்துவிடுவது எவ்வளவோ சுலபம்.

மழை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஐப்பசி அடைமழையில் திறந்த குப்பைமேட்டின் அடியிலிருந்து டிகாஷன் மாதிரி கறுப்புத் தண்ணீர் வழிகிறதே, கரையக்கூடிய சத்தெல்லாம் அதில் போகிறது. பக்கத்தில் கிணறு இருந்தால் நைட்ரேட் அதில் இறங்கும். நனைந்து காற்றுப் போகாத அடிப்பாகத்திலிருந்து மீத்தேன் கிளம்பும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 27 மடங்கு சூடேற்றும் வாயு. வெயிலும் மழையும் படத் திறந்தே கிடக்கும் குப்பை தழைச்சத்தில் பாதி வரை இழந்துவிடலாம். ஒரு கீற்றுப் பந்தல், சுற்றிலும் ஒரு சாண் வரப்பு, வழிவதைப் பிடிக்க ஓரத்தில் ஒரு சின்னக் குழி. இவ்வளவுதான் செலவு. ஒளிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: எவ்வளவு பார்த்துச் செய்தாலும் மக்க வைக்கும்போது கொஞ்சம் தழைச்சத்து போகத்தான் செய்யும், குவியலும் பாதியாகச் சுருங்கும். கிடைப்பது நாறாத, களையில்லாத, அள்ளத் தோதான, மண்ணில் நின்று பேசும் உரம்.

மண்புழு உரம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும்: பச்சைச் சாணியில் புழுவை விட்டு, எல்லாம் செத்துவிட்டது என்று கைவிட்டவர்கள் நிறைய. அந்தச் சூட்டில் புழு பிழைக்காது. இரண்டு மூன்று வாரம் மக்கி ஆறிய குப்பையில் விட வேண்டும்.

அள்ளவும் வேண்டாம், சுமக்கவும் வேண்டாம் என்ற வழி ஒன்று நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது: கிடை போடுவது. அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தைகள் தஞ்சை வயல்களுக்கு நடந்து வருகின்றன. ராத்திரி ஒரு வயலில் வலை கட்டி அடைக்கிறார்கள், மறுநாள் இடத்தை மாற்றுகிறார்கள், கூலி நெல்லாகவோ பணமாகவோ. புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்குப் போகின்றன. உடனே உழுதுவிட்டால் சிந்தாமல் சிதறாமல் சேர்ந்துவிடும். "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்பார்கள். புழுக்கையில் தழைச்சத்து அடர்த்தி அதிகம், சீக்கிரம் உடைந்து பயிருக்குக் கிடைக்கும். மாட்டுச் சாணியில் நார் அதிகம், மெதுவாகத்தான் விடும். ஆய்வகத்தில் சொல்வதை அனுபவத்தில் சொன்ன வாக்கியம் அது. மேய்ச்சல் நிலமும் வழித்தடமும் சுருங்கச் சுருங்கக் கிடைக்காரர்கள் குறைந்து வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சாண எரிவாயுவுக்கு வருவோம். நான்கைந்து மாடு இருந்தால் தினமும் 50 கிலோ சாணி போட்டு 2 கனமீட்டர் கலன் ஓட்டலாம். ஒரு குடும்பத்தின் சமையலுக்குப் பெரும்பாலும் போதும். வறட்டி தட்டி எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனில் போட்டால் வாயுவும் கிடைக்கும், சத்தும் கசடில் தங்கும். ஆனால் அந்தக் கசடில் தழைச்சத்து சட்டென்று பறக்கக்கூடிய வடிவத்தில் இருக்கிறது. பாதிப் பேர் அதை வெயிலில் காய வைத்து அங்கேதான் இழக்கிறார்கள். கசடை நேராக வாய்க்கால் தண்ணீரில் கலந்து விடலாம், இல்லையென்றால் காய்ந்த கூளத்தின்மேல் ஊற்றி மக்க வைக்கலாம்.

நாமக்கல்லில் பிரச்சினை தலைகீழ். முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 கிராமுக்குக் குறையாமல் எச்சம் போடும். ஒரு லட்சம் கோழி உள்ள பண்ணையில் தினமும் 10 டன். கோழி தின்னும் மக்காச்சோளம் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறது, சோயா மகாராஷ்டிரத்திலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும். எங்கெங்கோ மண்ணிலிருந்து எடுத்த சத்து லாரியிலும் ரயிலிலும் ஏறி ஒரு வட்டாரத்தில் வந்து இறங்குகிறது. முட்டையாகப் போவது போக மிச்சமெல்லாம் கூண்டுக்கு அடியில். மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் வாங்கிப் போகிறார்கள் என்பது நல்ல விஷயம். ஆனால் பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும். கூண்டில் ஒரு தண்ணீர் நிப்பிள் ஒழுகினால் போதும், அந்த இடம் சகதியாகி ஒரு வாரம், பத்து நாளில் ஈ மொய்க்கத் தொடங்கிவிடும்; ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவது அதற்குத்தான். அடியில் எச்சம் காய்ந்திருக்க வேண்டும், ஒழுகலை அன்றன்றே அடைக்க வேண்டும், எடுத்த எருவை நார்க்கழிவு மாதிரி கரிமம் மிகுந்த ஒன்றோடு கலந்து மக்க வைத்துத்தான் விற்க வேண்டும். சோறு அதிகமான நார்க்கழிவும் குழம்பு அதிகமான கோழி எருவும் ஒன்றுக்கொன்று பொருந்துவது போல வேறு ஜோடி இல்லை. இரண்டும் இந்த மேற்கு மாவட்டங்களிலேயே கிடைக்கின்றன. தனித்தனியாகக் குவிந்து கிடந்தால் இரண்டும் தொல்லை.

குப்பை தயாராகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புதுமழை மண் வாசனை வர வேண்டும். தட்டு எது, சாணி எது என்று பிரித்துச் சொல்ல முடியக் கூடாது. புரட்டித் தண்ணீர் தெளித்தாலும் மறுபடி சூடேறக் கூடாது. சந்தேகமிருந்தால் ஈரமான ஒரு பிடியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி நாலு நாள் வைத்துப் பிரியுங்கள். புளித்த நாற்றம் வந்தால் இன்னும் வேகவில்லை. வேகாத குப்பையைப் போட்டால் அது மண்ணில் போய் மீதி வேலையைப் பார்க்கும், அதற்கு வேண்டிய தழைச்சத்தைப் பயிரிடமிருந்து பிடுங்கும். குப்பை போட்ட காட்டில் பயிர் வெளுத்து நிற்பது அதனால்தான். கரையானும் வேர்ப்புழுவும் கூடவே வரும்.

அள்ளும்போது ஒரு பழைய வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கயிறு, பாலிதீன், மருந்து அட்டை, ஊசி எல்லாம் தனியாக அதில் போக வேண்டும். சுருண்டு கிடக்கும் நைலான் கயிறு ஒன்று ரோட்டவேட்டரில் சுற்றினால் என்ன ஆகும் என்று ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசி இழப்பு காட்டில் நடக்கிறது. வைகாசியில் டிராக்டர் கிடைக்கிற நாளில் குப்பை அடித்து, காடு முழுக்கச் சின்னச் சின்னக் கும்பிகளாக விட்டுவிட்டு, மழை வரட்டும் என்று ஆடி வரை காத்திருப்போம். ஒன்றரை மாதம் அந்தக் கும்பிகள் வெயிலில் வெந்து காற்றில் கரைகின்றன. விதைத்த பிறகு பார்த்தால் கும்பி இருந்த இடத்தில் மட்டும் திட்டுத் திட்டாகப் பயிர் கறுத்திருக்கும், நடுவில் வெளுத்திருக்கும். அடித்த அன்றைக்கே இறைத்து, அன்றைக்கே உழுது மூடிவிட வேண்டும். உழ ஈரம் இல்லையென்றால் குப்பை மேட்டிலேயே பந்தலுக்கு அடியில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் இந்த வருஷம் டிப்பர்காரரிடமும் உழவு ஓட்டுகிறவரிடமும் ஒரே நாளைச் சொல்லியிருக்கிறோம்: முதல் மழை பெய்த மறுநாள் காலை, இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும்.